கல்தூக்கியின் மூடி

காட்சிப்பொருளின் பாதுகாப்பு மூடியைக் கழற்ற எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். மூடி இல்லாத காட்சிப்பொருளைப் பார்வையாளர்களுக்குத் திறக்கக் கூடாது. எங்கள் அறிவியல் மையத்தின் பராமரிப்புக் கையேட்டில் இவை அடுத்தடுத்து வரும் இரண்டு வாக்கியங்கள். இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு விதியை எழுதிவிட முடியாது. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதிலும் இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து மீறப்பட்டது ஒரே ஒரு முறைதான். அதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்த மீறலில் என் கையெழுத்தும் இருக்கிறது.

எழுதச் சொன்னது தாரணி. மையத்தில் கல்வி அலுவலராக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், கூடத்தையெல்லாம் புதுசா மாத்துறோம். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுறோம். நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. நல்ல நினைவுகளா இருந்தா போதும்."

"என்னவா மாத்துறீங்க?"

"முக்கால்வாசி தொடுதிரைதான் மேடம். பராமரிப்பு கம்மி. பிள்ளைங்க விரலும் மாட்டாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொலைபேசியிலும் அது கேட்கும்.

நல்ல நினைவுகளை வேறு யாராவது எழுதுவார்கள். அதற்கு ஆள் பஞ்சமில்லை. நான் விரலைப் பற்றி எழுதுகிறேன்.

இயற்பியல் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூரில் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நினைவிலிருப்பது ஒரே ஒரு பாடம். தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் உடையவே இல்லை என்றால் அதை யாரும் தொடவில்லை என்று பொருள். உடைந்தால் சரி செய்யுங்கள், பூட்டி வைக்காதீர்கள். மற்றதெல்லாம் மதுரைக்கு வந்த பிறகு சோணைமுத்துவிடம் கற்றுக்கொண்டேன்.

சோணைமுத்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். எங்கள் மையத்தில் சோணைமுத்து ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளர். ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டது. பணி நிரந்தரம் கேட்ட அவருடைய கோப்பு மட்டும் புதுப்பிக்கப்படாமல் பழையதாகிக்கொண்டே வந்தது.

ஒரு முறை நடமாடும் அறிவியல் கண்காட்சிப் பேருந்தை ஓர் ஊருக்குக் கொண்டுபோனோம். ஊர்க்காரர்கள் பெரிய தெருவில் நிழல் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். சோணைமுத்து இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"இங்கன நிப்பாட்டுனா அந்தத் தெருப் பிள்ளைக வராதுக மேடம். பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போயிருவோம். வெயில்தான். பரவால்ல."

ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, நெழலு புடிக்காதா ஒனக்கு?" என்று கேட்டார்.

"நெழலு புடிக்கும்யா. எல்லாருக்கும் விழுகுற நெழலா இருந்தா நல்லாப் புடிக்கும்."

எல்லா மாணவரும் அணுகக்கூடிய இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. அதை நான் எடுத்து நீட்டினேன். அதற்கு முன்பே அவர் ஓட்டுநரிடம் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டார். சுற்றறிக்கை எதற்காக எழுதப்படுகிறது என்று எனக்கு விளங்கிய நாள் அது.

இனி கல்தூக்கி. எங்கள் கூடத்திலேயே பிள்ளைகள் அதிகம் மொய்த்த காட்சிப்பொருள் அதுதான். ஒரு கைப்பிடி, வரிசையாக ஏழு பல்சக்கரங்கள், கடைசிச் சக்கரத்தில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஓர் இளவட்டக்கல், அந்தக் காலத்தில் மாப்பிள்ளைப் பையன்கள் தூக்கிக் காட்டிப் பெண் கேட்ட உருண்டைக் கல். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்பட்டறையில் சொல்லி உருட்டி வாங்கிய கல். கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு சக்கரமும் முந்தையதைவிட மெதுவாகவும் பலமாகவும் சுழலும். ஆம்பளைப் பையன்கள் முதலில் கல்லைக் கட்டிப்பிடித்து மூச்சு முட்டத் தூக்கிப் பார்ப்பார்கள். அசையாது. பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றுவாள். கல் எழும். "ஏய், கல்லத் தூக்கிட்டா, மாப்ள பாருங்கடா!" என்று யாராவது கத்துவார்கள். ஆண்டுக்கணக்காக அதே நகைச்சுவை. ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது.

சக்கரங்களின் மேல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடி. எட்டு போல்ட். தினமும் காலையில் கூடம் திறக்கும் முன் சோணைமுத்து ஒவ்வொரு பொருளாகச் சுற்றி வருவார். அவர் கையில் நைலானில் கடைந்த ஒரு விரல் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் சுண்டுவிரல் தடிமன். கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் அவரே நின்று கடைந்து வாங்கியது. எந்த இடுக்கிலாவது அந்த விரல் நுழைந்தால் அந்தப் பொருள் அன்று திறக்காது. கையேட்டில் இந்த முறை இல்லை. கையேட்டை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் காலைப் பதிவேட்டில் எழுதுவேன். ஐம்பத்திரண்டு பொருள்கள். இயக்கம், விளக்கு, மூடி என்று மூன்று கட்டம். மாதத்தின் முதல் நாள் 'சரி', 'சரி', 'உண்டு' என்று முழுதாக எழுதுவோம். அடுத்த நாளிலிருந்து கட்டத்துக்கு இரண்டு சின்னக் கோடு, அதாவது 'மேலே உள்ளபடி'. இந்தியாவில் பதிவேடு எழுதிய எல்லோருக்கும் தெரிந்த கோடுகள். மாறுதல் இருந்தால் மட்டும் எழுத்து. இல்லாவிட்டால் கோடு. கை தானாகப் போடும். கண் அங்கே இருக்க வேண்டியதில்லை.

எங்கள் இயக்குநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசாதவர். யார் அறைக்குள் வந்தாலும் உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைப்பார். எந்தக் குறிப்பு வைத்தாலும் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்புவார்: 'பேசுக'. போய்ப் பேசினால் வேண்டியதை வாயால் சொல்லிவிடுவார். கோப்பில் அவருடைய உத்தரவு இருக்காது. பச்சை மையில் ஓர் அழைப்பு மட்டும் இருக்கும். இதற்கு மருந்து உண்டு. பேசிவிட்டு வந்து அதே குறிப்பின் கீழே 'பேசப்பட்டது. இன்னது செய்யச் சொன்னார்கள்' என்று எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். நான் தவறாமல் செய்து வந்தேன், ஒரு நாளைத் தவிர.

அன்று ஒரு பெரிய மனிதர் மையத்துக்கு வருவதாக இருந்தது. கல்தூக்கியைச் சுற்றுவது போல அவரைப் படம் எடுக்கத் திட்டம். முந்தின நாள் வந்த படக்காரர், மூடியில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, கீறல் வேறு, கழற்றிவிடுங்கள் என்றார். எழுத்து உத்தரவு வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். 'பேசுக' வந்தது. பேசினேன். "ரெண்டு மணி நேரம்தானே மேடம்" என்றார் இயக்குநர். தேநீர் நன்றாக இருந்தது.

"கழட்டுங்க சோணைமுத்து. ரெண்டு மணி நேரந்தான்."

"எழுதிக் குடுத்தாகளா?"

"பேசியாச்சு."

"கழட்டுறதுக்குப் பேப்பர் வேணும்னு நீங்கதான மேடம் எனக்குச் சொல்லிக் குடுத்தீக?"

"வண்டி பத்து மணிக்கு வந்துரும் சோணைமுத்து."

அவர் ஸ்பேனரை எடுத்தார். என் வார்த்தைக்காகக் கழற்றினார். அவசரத்தில் நான் 'பேசப்பட்டது' எழுதவில்லை.

பெரிய மனிதர் வந்தார், சுற்றினார், போனார். மூடியை மாட்டலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன். விளம்பர அட்டைக்குப் படக்காரர் இன்னொரு முறை வருவார், அதுவரை இருக்கட்டும் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கழட்ட உத்தரவு வேணும்னா மாட்டவும் உத்தரவு வேணுமே" என்றார். சோணைமுத்து கல்தூக்கியைச் சுற்றிக் கயிறு கட்டி 'பழுது' என்று பலகை தொங்கவிட்டார். நான் நிம்மதியாக இருந்தேன். காலையில் அவர், "கல்தூக்கி வேணாம் மேடம், விரல் போகுது" என்பார். நான் "சரி" என்பேன். கயிறு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பேன். கை பதிவேட்டில் இரண்டு கோடு போடும். ஒன்பது நாள் போட்டது. மாதத் தொடக்கத்தில் எழுதிய 'உண்டு' அந்தக் கோடுகள் வழியாக நழுவி நழுவிக் கீழே இறங்கியது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. அன்று காலையும் கோடு விழுந்தது. நான்கு பள்ளிக்கூடங்களின் பேருந்துகள் வாசலில். பழுதான பொருள்களின் எண்ணிக்கையை அந்த வாரம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கூடத்தைச் சுற்றிவந்த இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓடுற பொருளுக்கு எதுக்கு பழுது போர்டு? இது ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார். அதான் பயம்."

சிரித்தார். என்னை வாசலுக்கு அனுப்பினார், பேருந்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்த. நான் திரும்பி வருவதற்குள் கயிறும் பலகையும் இல்லை.

கார்த்திகா ஆறாம் வகுப்பு. திருமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளி. அவளுடைய தோழி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசிச் சக்கரம் உண்மையிலேயே நகர்கிறதா என்று இவள் தொட்டுப் பார்த்தாள். தொட்டுப் பாருங்கள் என்று வாசலில் நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோம். சுற்றிய பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு விரல் சிக்கினாலும் கைப்பிடியில் பூ மாதிரித்தான் இருக்கும். அதுதானே அந்தக் காட்சிப்பொருள் கற்பிக்கும் பாடம்.

அடுத்த அறையிலிருந்து சோணைமுத்து ஓடி வந்தார். இழுக்கக் கூடாது, கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றித்தான் விடுவிக்க வேண்டும். கடைசிச் சக்கரம் ஒரு பல் பின்னால் வரக் கைப்பிடியைப் பதினோரு முறை சுற்ற வேண்டும். வேகமாகவும் சுற்றக் கூடாது.

"அண்ணே, கல்லு கீழ விழுந்துருமா?" என்று கேட்டாள் கார்த்திகா. உதடு வெளுத்திருந்தது.

"விழுகாது பாப்பா. நான் புடிச்சிருக்கேன். நீ எண்ணு. நானும் எண்ணுறேன்."

இருவரும் பதினொன்று வரை எண்ணினார்கள். அவ்வளவு நீளமான பதினொன்றை நான் கேட்டதில்லை.

நகமும் விரல் நுனியும் நசுங்கியிருந்தன. மருத்துவமனையில் தைத்துக் காப்பாற்றினார்கள். நுனி சற்று வளைந்தே இருக்கும் என்றார் மருத்துவர். அப்பா முருகேசன் வேலைச் சட்டையோடு வந்தார். கப்பலூரில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். மகளைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். கத்தவில்லை.

"எங்க கம்பெனில கார்டு, அதான் இந்த மூடி, மாட்டாம மிஷின ஓட்டச் சொன்னா, ஓட்டச் சொன்னவன வெளிய அனுப்புவாக. இங்க யார அனுப்புவீக?"

திங்கட்கிழமை சோணைமுத்துவை அனுப்பினார்கள். குறிப்பாணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொன்னதோடு சரி. கோப்பில் என் பதிவேட்டின் நகல் இருந்தது. சனிக்கிழமை காலை மூடி இருந்ததாகக் கல்வி அலுவலர் பதிந்துள்ளார். எனவே பகலில் பணியாளர் அனுமதியின்றி அதைக் கழற்றியிருக்க வேண்டும். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. என் இரண்டு கோடுகளின் மேல் கட்டிய தர்க்கம்.

இந்த இடத்தில் நான் உடனே பொங்கி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனை என்று எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். அறியாதவர்களுக்கு இருக்கும் தைரியம் எனக்கு இல்லை. தினமும் காலையில் பதிவேட்டைத் திறப்பேன். கல்தூக்கிக்கு நேரே கை தானாகக் கோடு போடப் போகும். மூன்றாம் வாரம் ஒரு நாள் கை போகவில்லை. பேனாவை மூடிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

"வாங்க மேடம். டீ சொல்லவா?"

"வேணாம் சார். ரிஜிஸ்டர்ல மூடி இருக்குன்னு நான் போட்டது பொய். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் பத்து நாளா மூடி இல்ல. கழட்டச் சொன்னது நான். என்னைச் சொல்லச் சொன்னது நீங்க."

"கையெழுத்து யாருது மேடம்?"

"என்னுது."

"அப்ப பொய் எழுதினேன்னு எழுத்துல தரப்போறீங்களா?"

"ஆமா சார்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பச்சைப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஒன்றரை வருஷம்தான் இருக்கு. எதுக்கு? பேசுவோமே."

"பேசுறதுக்கு ஒண்ணுமில்ல சார்."

முறையான வழியில் அனுப்பினேன், அதாவது அவர் மேசை வழியாக. விதி அப்படித்தான். முன்நகல் ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்பதும் விதிதான். அது பலருக்குத் தெரியாது. தல்லாகுளத்தில் தபால் செய்து ரசீதை வாங்கி முந்தானையில் முடியாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வாக்குமூலம் 'பேசுக' என்று திரும்பி வந்தது. அதன் கீழே எழுதினேன்: 'பேச ஒன்றுமில்லை. எழுதியதே என் பேச்சு.' தேதி போட்டேன். கோப்பு வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல வாக்கியம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் போனேன். சோணைமுத்து ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சேர்த்துவிட்டது கார்த்திகாவின் அப்பா.

"வாங்க மேடம். ஸ்டூல் இல்ல. இந்தப் பெட்டியில உக்காருங்க."

"எழுதிப் போட்டுட்டேன் சோணைமுத்து. பதிவேட்டுல போட்டது பொய்னு."

"எப்ப?"

"இந்த வாரம்."

"மூணு வாரமா என்ன பண்ணீக?"

"பயந்துக்கிட்டு இருந்தேன்."

"பென்சன் வாங்கப் போறவுகளுக்கே இம்புட்டு பயம்னா எனக்கு எம்புட்டு இருக்கணும்? ரெண்டு கோடு. அம்புட்டுதான் என் சர்வீசு."

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற முருகேசன் குறுக்கே வந்தார்.

"விடுங்கண்ணே. லேட்டா வந்தாலும் கார்டு மாட்ட வந்துருக்காக. மேடம், நானும் ஒரு லெட்டர் எழுதுறேன். எம் பொண்ணு கையத் திருப்பிச் சுத்தி எடுத்தது இவருதான். இவர வெளிய அனுப்புனது எனக்குப் பிடிக்கலன்னு எழுதுறேன். எங்க அனுப்பணும், அதச் சொல்லுங்க."

முகவரி எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது சோணைமுத்து சட்டைப் பையிலிருந்து நைலான் விரலை எடுத்து நீட்டினார்.

"அவசரத்துல கொண்டாந்துட்டேன். ஸ்டாக்குல இல்ல. இருந்தாலும் ஆபீசு சொத்து. புதுசா வர்ற ஆளுகிட்டக் குடுங்க. அவனுக்குச் சுத்தத் தெரியலைன்னா நீங்க சுத்துங்க."

நான் சுற்றினேன். அடுத்த நாளிலிருந்து கடைசி நாள் வரை ஐம்பத்திரண்டு பொருளையும் நானே விரல் விட்டுப் பார்த்தேன். குனிந்து நிமிர்ந்து இடுப்பு போயிற்று. கோடு போடுவதை நிறுத்தினேன். ஒவ்வொரு கட்டத்திலும் முழுச் சொல். கல்தூக்கிக்கு நேரே மட்டும் தினமும் ஒரே மூன்று வாக்கியங்கள்: 'மூடி இல்லை. திறக்கவில்லை. சோணைமுத்து பணிக்கு வரவில்லை.' மூடியை மாட்டச் சொல்லி இயக்குநரே ஒரு நாள் வந்து கேட்டார். எழுத்தில் தாருங்கள், கழற்றிய உத்தரவையும் சேர்த்துத் தாருங்கள் என்றேன். தரவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டும்போது அந்த வரிகளில் விரல் நின்றது. இது யார் என்று கேட்டார்கள். சொன்னேன். மாதத்தின் முதல் நாள் ஒரு நினைவூட்டுக் கடிதம், முன்நகலோடு. எனக்கும் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விதி எண் சரியாகப் போட்டிருந்தார்கள். சோணைமுத்துவுக்குக் கிடைக்காத மரியாதை அது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரே வரியில் பதில் எழுதினேன்.

இடையில் இயக்குநர் மாற்றலாகி இன்னும் பெரிய ஊருக்கு, இன்னும் பெரிய அறைக்குப் போனார். கோப்பில் அவர் கையெழுத்தில் இருந்தது 'பேசுக' மட்டும்தான். அதற்கு யாரைத் தண்டிப்பது?

மே முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெற்றேன். அன்று காலையும் அந்த மூன்று வாக்கியங்களை எழுதினேன். நைலான் விரலைத் தாரணியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கினேன். "இதுக்குமா மேடம்?" என்றாள். இதற்குத்தான்.

தாரணி, இதை மலரில் போடுவது உன் விருப்பம். போடவில்லை என்றால் காரணத்தைக் கோப்பில் எழுது. என்னைப் பேசக் கூப்பிடாதே. திரைகள் வரட்டும், நான் எதிரியில்லை. ஆனால் திரையில் தூக்கும் கல்லுக்கு எடை கிடையாது. கல்தூக்கி இருந்த இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் சுற்றட்டும், மூடியோடு.

தலைமை அலுவலகத்திலிருந்து கடைசியில் வந்த பதில் ஒரே ஒரு பக்கம். என் பொய்ப் பதிவுக்காக நான் கண்டிக்கப்பட்டிருந்தேன்; சரியான தண்டனை, மறுப்பில்லை. உரிய நடைமுறையின்றிப் பணியாளரை விலக்கியது செல்லாது, அவர் மீண்டும் பணியில் சேரலாம் என்று இருந்தது. அவருடைய பணி நிரந்தரம் 'தனியே பரிசீலிக்கப்படும்'. அதற்கு இனி தாரணி நினைவூட்டு எழுதுவாள். எழுதாவிட்டால் நான் எழுதுவேன். சோணைமுத்து பட்டறையில் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை மாற்றும் முன்பே மூடியின் எட்டு போல்ட்டையும் முறுக்கினார், எழுத்து மூலமான உத்தரவோடு. அன்றைய பதிவேட்டில் தாரணி கோடு போடவில்லை. 'மூடி உண்டு. விரல் நுழையவில்லை' என்று முழுதாக எழுதியிருந்தாள்.

அந்தப் பதிலில் தட்டச்சு செய்யப்பட்ட தேதி மே ஆறு. அது எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்ததாக முத்திரை விழுந்தது நான் ஓய்வு பெற்ற மறுநாள், ஜூன் ஒன்று.